உதறாத நெல்

நாலு. முறத்தின் ஓரத்திலிருந்து நான்கு நெல்லை விரலால் இழுத்து இடப்பக்கக் கூடையில் தள்ளிவிட்டு, நாலு என்று வாய்விட்டுச் சொல்கிறேன். ஊர் முழுவதும் கடம்ப மரத்தடியில் உட்கார்ந்து என் விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாலு. எத்தனை நாலு என்பது யாருக்கும் வேண்டாம், கடைசியில் எத்தனை மிஞ்சுகிறது என்பதுதான் வேண்டும். ஒன்றோ இரண்டோ மூன்றோ மிஞ்சினால் முருகன் பிடித்திருக்கிறான். கிடா வெட்டி, தினையில் இரத்தம் கலந்து தூவி, வேலன் ஆடி, அவனைத் தணிக்க வேண்டும். எதுவும் மிஞ்சாமல் கடைசியும் நாலாகவே முடிந்தால் அவனுக்கு இதில் வேலை இல்லை. அது வெறும் நோய், வேர் அரைத்துக் கொடு, தண்ணீரை மாற்று. காய்ச்சல் கண்ட வீடுகளில் முப்பது ஆண்டுகளாக நான் எண்ணுவது இதைத்தான். கட்டுவிச்சி என்று கூப்பிடுகிறார்கள். சேந்தி என்ற என் பெயர் இரண்டு மூன்று பேருக்குத்தான் நினைவிருக்கும். நாலு. இன்று கேட்டிருப்பது ஒரு வீடு இல்லை, ஊர். போன மழையில் ஆறு தெற்கு வளைவில் கரையை உடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டது. நாம் குளித்த துறை இப்போது பச்சை படிந்த குட்டை. அந்தக் குட்டைதான் நம் உறைகிணறுகளுக்குள் ஊறுகிறது, தண்ணீர் மஞ்சளாக வருகிறது, முட்டை அழுகிய வாடை. கோடை பிறந்ததிலிருந்து ஏழு குழந்தைகள் வயிறு போய்ச் செத்துவிட்டன. ஏழில் ஒன்று, இதோ எனக்கு எதிரே கையெட்டும் தூரத்தில் வேலை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலன் உதிரனின் பேரன். ஆற்றின் மேல்பக்கம் அரைநாள் நடையில் ஒரு மேடு இருக்கிறது, அங்கே ஊற்று இருக்கிறது, போய்விடலாம் என்கிறது பாதி ஊர். முருகனின் தூண் இங்கே, தாழியில் வைத்த முன்னோர் இங்கே, எப்படிப் போவது என்கிறது மீதி. எண்ணிப் பார்த்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார் ஊர்த்தலைவர் கிழார். மூன்று தெருவுக்கு மூன்று கைப்பிடி நெல் அவர் கையாலேயே அள்ளிப் போட்டார். மிஞ்சினால் அவன் நம்மை நிறுத்துகிறான், இருக்க வேண்டும். நாலாக முடிந்தால் போகலாம். நாலு. அவர் கை பெரிய கை. வெயில் சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும்.

நாலு. நாலு. விரலில் ஈரம் வருகிறது. சாம்பல் சட்டியில் ஒருமுறை தொட்டுக்கொள்கிறேன், இரண்டு விரல் மட்டும், அடி வரைக்கும் விடாமல். எண்ணுவதற்கு முன்னும் நடுவிலும் கட்டுவிச்சி சாம்பலில் கை தொட வேண்டும் என்பது இப்போது இந்தப் பக்கத்தில் எல்லா ஊரிலும் முறையாகிவிட்டது. கீழூர்க்காரி ஒருத்தி போன ஆண்டு வந்து என்னிடமே கேட்டாள், அது கடம்பக் கட்டையின் சாம்பலாகத்தான் இருக்க வேண்டுமா, வேறு கட்டை ஆகுமா என்று. நான் கடம்புதான் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? ஏதாவது ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சாம்பல் கிடையாது. கை கழுவிவிட்டு உட்கார்ந்துவிடுவோம், அவ்வளவுதான். சாம்பலை நான்தான் கொண்டுவந்தேன், என் மகள் தத்தை போன பிறகு. எவருக்கும் காரணம் சொல்லவில்லை, எவரும் கேட்கவும் இல்லை. ஒருத்தி ஏதோ ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கும் என்று ஊர் நம்பிவிடுகிறது. இருக்கிறது. நாலு. என் உள்ளங்கை எப்போதும் வியர்க்கும். அன்றைக்கு இன்னும் வியர்த்தது. உள்ளே பாயில் தத்தை கிடக்கிறாள், ஒன்பது வயது, உதடு வெடித்து, கண் குழிந்து, தண்ணீர் தண்ணீர் என்கிறாள். வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு நான். எதிரே உதிரன். கடைசியில் நான்கு நெல் கிடந்தது. நான்கு. நோய். வெறும் நோய் என்றால் நான் என்ன செய்வேன்? வேர் அரைத்து ஏற்கெனவே கொடுத்தாயிற்று, வாந்தி எடுத்துவிட்டாள். நோய்க்குக் காது கிடையாது. முருகன் என்றால் கெஞ்சலாம், கிடா கொடுக்கலாம், வேண்டுமானால் இரண்டு கொடுக்கலாம், திட்டக்கூடத் திட்டலாம். அவனாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்தது மட்டும்தான். நான்கையும் உள்ளங்கையால் மூடி இழுத்தபோது ஒன்று வியர்வையில் ஒட்டிக்கொண்டது. அது ஒட்டியது எனக்குத் தெரியும். குத்தியது, கட்டைவிரலின் அடியில், இதோ இந்த இடத்தில். நான் எடுக்கவில்லை. அது ஒட்டிக்கொண்டது. நான் உதறவில்லை. மூன்று என்று சொன்னேன்.

நாலு. எடுக்கவில்லை, உதறவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பன்னிரண்டு ஆண்டுகளாகப் பார்க்கிறேன். சில நாள் ஆற்றின் அகலம் இருக்கிறது. சில நாள் ஒரு நெல்லின் அகலம்கூட இல்லை. கூட்டத்தில் யாரோ இருமுகிறார்கள். கல்லில் மணி அறுக்கும் கீரன் வழக்கம்போல வாயை மூடாமல் இருக்கிறான். "இந்தம்மா எண்ணி முடிக்கறதுக்குள்ள ஆறு திரும்பி வந்துடும் போல. அப்புறம் யார் எங்க போறது?" சிலர் சிரிக்கிறார்கள். "சும்மா இரு கீரா, நாக்கை அறுத்து மணி கோத்துடுவாங்க" என்கிறார் கிழார், சிரிக்காமல். உதிரன் கையை நீட்டி என் முறத்திலிருந்து ஒரு நெல்லை எடுக்கிறார். அது அவருடைய உரிமை. வேலனுக்கு ஐயம் வந்தால் எந்த நெல்லையும் பல்லில் வைத்துப் பார்க்கலாம். நறுக்கென்றால் உள்ளே அரிசி இருக்கிறது, அதற்கு ஈடாக ஒரு கூழாங்கல்லைப் போட்டுவிட வேண்டும், அந்தக் கல்லும் நெல்லாக எண்ணப்படும். சத்தமில்லாமல் அமுங்கினால் பதர், துப்பிவிட வேண்டும், அது எண்ணில் சேராது. கடிக்கிறார். நறுக். மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் போடுகிறார். "நல்ல நெல்லு" என்கிறார், எதிரே இருக்கும் எனக்கு மட்டும் கேட்கும் குரலில், சமையலுக்கு நெல் பார்ப்பவர்போல. மெலிந்துவிட்டார். பேரனுக்காக ஆடியபோது நடுவில் விழுந்தார், நான் பார்த்தேன். முருகன் வந்து தள்ளிவிட்டான் என்று ஊர் சொன்னது. முழங்கால்தான் தள்ளிவிட்டது. ஆறு தலைமுறையாக இந்தத் தூணைச் சுற்றி ஆடிய குடும்பம். தூணை எடுத்துக்கொண்டு போக முடியாது, வேரோடு நிற்கும் கடம்பு அது. நெல் மிஞ்ச வேண்டும் என்றுதான் இவர் நினைப்பார். நாலு. அந்தக் கல் எங்கே? இதோ, கல்லும் மூன்று நெல்லும். நாலு.

"அக்கா." பின்னால் அல்லி. எண்ணுகிறவளிடம் பேசக்கூடாது என்று அவளுக்குத் தெரியும், என் கொழுந்தனின் மனைவி, இந்த ஊருக்கு வந்து பத்து ஆண்டாகிறது. "அக்கா, திரும்பாதே, எண்ணிக்கிட்டே கேளு. பூவைக்கு விடிஞ்சதிலிருந்து ஆறு தடவை போயிடுச்சு. இப்போ தண்ணியா போகுது. கஞ்சி குடிக்க மாட்டேங்கறா. தண்ணிதான் கேக்குறா. கொடுக்கட்டுமா?" நாலு என்கிறேன். வேறு எதுவும் சொல்ல எனக்கு வாய் இல்லை. "கொடுக்கட்டுமாக்கா? அந்தக் கிணத்துத் தண்ணிதானே இருக்கு. வேற என்ன இருக்கு?" நாலு. "சரி, காய்ச்சிக் கொடுக்கிறேன்" என்று அவளே சொல்லிக்கொண்டு போகிறாள். எழுந்து போகும்போது அவள் சங்கு வளையல்கள் உரசுகின்றன. அல்லியின் மகள் பூவைக்கு ஆறு வயது. ஆறு வயதுப் பிள்ளையின் உடம்பில் எத்தனை நாளுக்குத் தண்ணீர் இருக்கும்? தத்தைக்கு ஐந்து நாள் இருந்தது. மூன்று என்று நான் சொன்ன பிறகு ஐந்து நாள். முருகன் பிடித்த பிள்ளையை வாசல் தாண்டவிடக் கூடாது, வீட்டுக் கிணற்று நீரைத் தவிர வேறு நீர் படக்கூடாது. அதுவும் முறைதான். நாலு என்று சொல்லியிருந்தால் கொழுந்தன் அவளைத் தோளில் போட்டு மேட்டு ஊற்றுக்குக் கொண்டுபோயிருப்பான், அன்று காலையே கேட்டான், "போகட்டுமா அண்ணி, அரைநாள்தானே?" என்று. எண்ணிப் பார்த்துவிடுவோம் என்றேன். பிழைத்திருப்பாளா? தெரியாது. ஊற்றுத் தண்ணீர் குடித்தும் செத்தவர்கள் உண்டு. அந்தத் தெரியாது என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் சோறு தின்கிறேன். உதிரன் ஐந்து நாளும் ஆடினார். கிடா நல்ல கொழுத்த கிடா. தத்தை கடைசி நாளில் பறையைக் கேட்டுவிட்டு, "அம்மா, யார் வீட்டுல கல்யாணம்?" என்றாள்.

நாலு. முதல் கைப்பிடி குறைந்துவிட்டது, முறத்தின் நடுவில் பின்னிய நார் தெரிகிறது. ஆட்களின் கால்களுக்கு நடுவே என் கணவன் குவிரனின் கால் தெரிகிறது. பெருவிரல் நகத்தில் களிமண் காய்ந்திருக்கிறது. அவன் செய்வது இரண்டு பொருள், கிணற்றுக்கு உறை, செத்தவருக்குத் தாழி. இரண்டுக்கும் ஒரே மண், ஒரே சூளை, இரண்டும் மண்ணுக்குள்தான் போகின்றன என்று ஒருமுறை அவனே சொன்னான். அதிகம் பேசாதவன். நம் தெருக் கிணற்றின் பதினேழு உறையும் அவன் சுட்டவை. ஒன்பதாவது உறையில் வெடிப்பு இருக்கிறது, அதன் வழியாகத்தான் தெருச் சாக்கடை ஊறுகிறது என்று போன திங்களில் உள்ளே இறங்கிப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். சொல்லிவிட்டுக் கையைக் கழுவவே இல்லை, அப்படியே உட்கார்ந்திருந்தான். எப்போதிலிருந்து அந்த வெடிப்பு என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டு ஆண்டா? கேட்டால் அவன் சொல்லிவிடுவான், அவனுக்குப் பொய் வராது. தத்தைக்கும் அவன்தான் தாழி செய்தான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இடுப்பளவு போதும், இவன் ஆளுயரத்துக்குச் செய்துவிட்டான். தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. "ஏன்யா இவ்வளவு பெருசு?" என்று கேட்டதற்கு, "கை அப்படிப் போயிடுச்சு" என்றான். அதற்குள் அவளை உட்கார்த்தியபோது எங்கேயோ கீழே, கிணற்றுக்குள் இருப்பதுபோல இருந்தாள். சின்னக் கிண்ணம் ஒன்று, அவள் வட்டு ஆடிய ஓடுகள், வளையல், ஒரு கைப்பிடி நெல். நெல் போட்டது நான். அன்று கையில் ஒட்டிய அந்த ஒன்றையும் அதோடு போட்டுவிடலாம் என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். கை திறக்கவில்லை. உள்ளே அவள் தலைமயிர் தெரிந்தது, அதன் மேல் அதைப் போட முடியவில்லை.

நாலு. நாலு. இன்று காலையில் தாழிக்காட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. திரும்பிய ஆறு நேராக அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது. கரை செங்குத்தாக அறுபட்டு நிற்கிறது, கத்தியால் வெட்டிய களிபோல. வெட்டிய முகத்தில் தாழிகள் தெரிகின்றன. ஒன்று பாதியாக உடைந்து, ஒன்று வாய் மட்டும், ஒன்று முழுசாக வயிற்றைக் காட்டிக்கொண்டு. அடியில் தண்ணீரில் ஓடுகள். ஒரு சிவப்புக் கிண்ணம் மூழ்காமல் சுழன்றுகொண்டிருந்தது. தத்தை இருக்கும் இடத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் எத்தனை அடி என்று காலால் அளந்தேன். இருபத்திரண்டு. போன முழுநிலவில் நாற்பத்தொன்று இருந்தது. மழைக்கு இன்னும் மூன்று திங்கள். அவளுக்காக இங்கே இருப்பது என்றால் அவள் ஆற்றோடு போவதைப் பார்ப்பதற்காக இருப்பது. போய்விட்டால் அவள் தனியாகப் போவாள். இருந்தாலும் தனியாகத்தான் போவாள், நான் கரையில் நிற்பேன், அவ்வளவுதான் வேறுபாடு. வைத்த தாழியைத் தோண்டி இடம் மாற்றக் கூடாது என்பது முறை. எந்த முறையை எவள் எந்தக் காரணத்துக்காகக் கொண்டுவந்தாளோ. திரும்பி வரும்போது மேட்டுப் பக்கமிருந்து காற்று வந்தது, புல் வாடை. அது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததும் உடனே திரும்பிப் பார்த்தேன், யாரோ பார்த்துவிட்டதுபோல. யாரும் இல்லை, கரையில் ஒரு நாரை.

நாலு. இரண்டாவது கைப்பிடியும் போயிற்று. இனி கடைசி. சாம்பலில் விரல் தொடுகிறேன், மேலாக, மேலாக. அடியில் அது இருக்கிறது. காலையில் தாழிக்காட்டிலிருந்து வந்ததும் சிமிழைத் திறந்து அதை எடுத்துச் சாம்பல் சட்டியில் போட்டேன். எதற்குப் போட்டேன் என்று கேட்டால் தெரியாது. பன்னிரண்டு ஆண்டுகள் சிமிழில் இருந்த நெல், கறுத்துச் சுருங்கி, கையில் வைத்தால் எடையே தெரியவில்லை. தூக்கி எறிந்திருக்கலாம். கோழிக்குப் போட்டிருக்கலாம். முடியாததற்குக் காரணம் இருக்கிறது, பைத்தியக்காரக் காரணம், யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஒன்று வெளியே நிற்கிறது. அது எண்ணுக்குள் இருக்க வேண்டியது, நான் வெளியே வைத்துவிட்டேன். அதற்குப் பின் நான் எண்ணிய ஒவ்வொரு எண்ணும் ஒன்று குறைவு. ஒன்று என்று வந்ததெல்லாம் இரண்டு, இரண்டெல்லாம் மூன்று. மூன்று என்று வந்ததெல்லாம் நான்கு. மூன்று என்று சொல்லி எத்தனை வீட்டில் கிடா வெட்டியிருக்கிறார்கள்? இந்த ஏழில் எத்தனை? உதிரனின் பேரனுக்கு மூன்று. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்று என்றேன், இவர் எழுந்து வேலை எடுத்துக்கொண்டு கால் நடுங்க ஆடினார், பிள்ளை வீட்டுக்குள்ளேயே வெடித்த கிணற்று நீரைக் குடித்துக்கொண்டு கிடந்தது. அன்று நான் எதையும் மறைக்கவில்லை. கை சுத்தமாக இருந்தது, சாம்பல் பூசி, விரலை விரித்து எல்லோருக்கும் காட்டினேன். சுத்தமான கையால் எண்ணிய மூன்று. அதுதான் எனக்குப் பெரிய அச்சம். நெல் வழியாக முருகன் பேசுகிறான் என்றால், அவன் சொன்னதை நான் ஒருமுறை மாற்றினேன், அதிலிருந்து அவன் எனக்குத் தப்பாகவே சொல்கிறான். அவன் பேசவே இல்லை என்றால், நான் முப்பது ஆண்டாக வெறும் நெல்லை எண்ணிக்கொண்டிருக்கிறேன். இரண்டில் எது நல்லது? நாலு.

நாலு. வெயில் கடம்பின் அடிமரத்துக்கு இறங்கிவிட்டது. தூணில் சுற்றிய சிவப்புக் கயிறு, பழைய இரத்தத்தின் கறுப்பு, அதன் மேல் எறும்பு வரிசை. முறத்தில் இன்னும் ஒரு கொத்துதான். கண்ணால் பார்த்து எண்ணக்கூடாது, எண்ணினால் விரல் தானாக எதையாவது செய்யும். ஆனால் கண்ணை என்ன செய்வது? முப்பது ஆண்டுக் கண். இருபத்து மூன்று. பார்த்துவிட்டேன். நாலு. பத்தொன்பது. மூன்று மிஞ்சும். முருகன் பிடித்திருக்கிறான், கிடா கொடுங்கள், இருங்கள். நாலு. பதினைந்து. அல்லி பூவைக்கு அதே தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருப்பாள், விறகு ஈரம், புகை கண்ணைக் கரிக்கும், காய்வதற்குள் பிள்ளை அழும், பச்சைத் தண்ணீரையே கொடுத்துவிடுவாள். நானும் அப்படித்தான் கொடுத்தேன். நாலு. பதினொன்று. எடுக்கவில்லை, உதறவில்லை. இன்று வைத்தால் அது எதில் சேரும்? திருட்டில் சேருமா, திருப்பிக் கொடுத்ததில் சேருமா? அதுவும் நெல்தான், அதுவும் ஒரு பிள்ளைக்காக அளந்து கொட்டியதுதான், அதற்கும் எண்ணுக்குள் ஓர் இடம் இருந்தது. நாலு. ஏழு. குவிரனின் கால் அசைகிறது. தத்தையை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறேனா நான், அவனிடம்? ஆளுயரத் தாழி. அவள் அதற்குள் வளர்ந்துகொண்டிருப்பாள் என்று நினைத்துத்தான் செய்தானோ என்னவோ, இருபத்தொரு வயதாகியிருக்கும், இப்போது அது அவளுக்குச் சரியாக இருக்கும். நாலு. மூன்று.

மூன்று நெல். ஊர் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்கிறது. வாயைத் திறந்து சொன்னால் போதும், மூன்று. சாம்பல் சட்டிக்குக் கை போகிறது. ஈரம் துடைக்கப் போவதுபோலத்தான் போகிறது, நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த முறை அடி வரைக்கும் போகிறது. அது விரலில் வந்து ஒட்டுகிறது, அதே இடம், கட்டைவிரலின் அடி. மூன்றின் மேல் கையை வைத்து இழுக்கிறேன். உதறுகிறேன். கையை எடுத்தபோது மூன்று மஞ்சள் நெல்லும் சாம்பல் பூசிய கறுத்த நெல் ஒன்றும் கிடக்கின்றன. "நாலு" என்றேன். குரல் என்னுடையதுதான். பின்வரிசைக்கு எதுவும் தெரியாது, முன்வரிசைக்குத் தெரிந்தாலும் சாம்பல் என்று நினைப்பார்கள். உதிரனுக்குத் தெரியும். அவர் கண் என் கண்ணுக்கு வந்து, சட்டிக்குப் போய், நெல்லுக்கு வந்தது. கை நீட்டினார். கறுத்ததைச் சரியாகப் பொறுக்கினார். "என்ன வேலரே, கடைசியிலயும் கடிச்சுப் பாக்கணுமா?" என்றார் கிழார். "பாக்கணும்" என்றார் உதிரன். பல்லில் வைத்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். நறுக்கென்ற சத்தம் வரவில்லை. எதுவும் வரவில்லை. பன்னிரண்டு ஆண்டில் வண்டு எப்போதோ உள்ளே இருந்ததைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. நான் சிமிழில் மூடிக் காத்தது வெறும் உமி. பதர் என்று அவர் துப்ப வேண்டும், அப்போது மூன்று, அவர் தூண் இங்கேயே இருக்கும், அவர் குடும்பம் இங்கேயே ஆடும். தாடை அசைந்தது. இல்லாத அரிசியை மெல்லுகிறார். மென்று விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். மடியிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து அந்த மூன்றின் பக்கத்தில் வைத்தார். "அரிசி இருக்கு" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "நாலுதான்."

ஒரே சத்தம். யாரோ அழுகிறார்கள், யாரோ மாட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். "அப்ப ஆறு ஜெயிச்சுடுச்சு" என்கிறான் கீரன். வண்டி எத்தனை, விதைநெல் யார் பொறுப்பு, பிள்ளைகளும் நோயாளிகளும் இன்றைக்கே கிளம்பட்டும், மற்றவர்கள் நிலவு மாறுவதற்குள் என்று கிழார் கையை உயர்த்திச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லி முடிப்பதற்குள் கொழுந்தன் ஓடுகிறான், அவன் ஓடுவது பூவையைத் தோளில் போடத்தான், யாரிடமும் கேட்கவில்லை. குவிரன் எழுந்து, என்னைப் பார்த்துவிட்டு, தெற்கே தாழிக்காட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினான். முறத்தில் மூன்று நெல்லும் ஒரு கல்லும். எண்ணிய நெல்லைச் சமைக்கக்கூடாது, குருவிக்குக் கொட்ட வேண்டும். எழ முயன்றேன், கால் மரத்திருந்தது. உதிரன் அப்படியே உட்கார்ந்திருந்தார். வேல் மடியிலிருந்து நழுவிப் புழுதியில் கிடந்தது, அவர் அதை எடுக்கவில்லை. "சேந்தி" என்றார். "ம்" என்றேன். "உன் மகளுக்கு எண்ணின அன்னைக்கும் இப்படித்தானா?" இத்தனை ஆண்டாக ஒருவராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்த கேள்வி. பதில் எவ்வளவோ நீளமாக வைத்திருந்தேன். "அன்னைக்கு உதறலை" என்றேன். அவர் தலையாட்டினார். தூணைப் பார்த்தார், எறும்புகளைப் பார்த்தார். "அன்னைக்கு எனக்கும் முருகன் வரலை" என்றார். "அஞ்சு நாளும் வரலை. பறை அடிச்சாங்க, ஆடினேன்." கீழே கிடந்த வேலை அப்போதுதான் எடுத்தார், அதை ஊன்றி எழுந்தார். முழங்கால் முறிவதுபோலச் சத்தம் கேட்டது. கிழார் இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தார். உதிரனின் கீழ் உதட்டில் கறுத்த உமி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"துடைச்சுக்கோங்க" என்றேன்.